சுகந்தி என்று பதிவான நடை

"ஒரு நாளைக்குப் பதினாலு தடவை எதுக்கும்மா பாத்ரூம் போறே?"

எஸ்தர் மேடம் இதைக் கேட்டபோது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தும் எனக்குக் காது சுட்டது. எங்கள் பெண்கள் விடுதிக்கு அவர்தான் துணைக் காப்பாளர். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். மேலே என் பெயர், அறை எண். கீழே வரிசையாக நேரம்.

"நான் போகலியே மேடம்."

"தரை சொல்லுது."

"மிஞ்சினா மூணு தடவை போவேன் மேடம். அதுவும் மேல் மாடியில."

"இது கீழ்த்தளம். பின்வாசல் பக்கத்துல இருக்கறது. வெக்கப்படாம சொல்லு. எரிச்சல் இருக்கா? வீட்ல யாருக்காவது சர்க்கரை?"

தரை சொல்கிறது என்றால் இந்த விடுதியில் மறுபேச்சு கிடையாது.

கேமரா இல்லாத பெண்கள் விடுதி என்பதுதான் எங்கள் கல்லூரியின் பெருமை. பெண்பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கேமரா வைக்கக் கூடாது என்று பெற்றோர் சண்டை போட்டதில், ஐந்து வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கால் அறியும் தரையைப் போட்டார்கள். சேருகிற அன்று ஒரு நீளமான தகட்டின் மேல் இருபது அடி நடக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாவி கிடையாது, அட்டை கிடையாது, கைரேகை கிடையாது. நடந்து போனால் கதவு திறக்கும். மேலே சின்னத் திரையில் பெயர் பச்சையாக எரியும். 'வணக்கம், சுகந்தி' என்று ஒரு குரல் சொல்லும்.

ரேகை இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ரேஷன் கடை இயந்திரம் என் அம்மாவின் கட்டைவிரலை ஒரு தடவைகூட முதல் முயற்சியில் படித்ததில்லை. சூளை மண் தின்ற விரல். என்னுடையதும் பாதி அப்படித்தான்.

சுகாதார மையத்தில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்ல. பரீட்சைன்னா பயமா?" என்று கேட்டார். பயம் இல்லை என்றேன். "அப்ப தண்ணியைக் கொறச்சுக் குடி" என்றார்.

அடுத்த வாரம் எஸ்தர் மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் மாறியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை பதினொன்னு பத்துக்கு எங்க இருந்தே?"

"சர்வே லேப்ல மேடம்."

"ஆமா, லேப்ல இருந்திருக்கே. போன வாரம் அங்கயும் தரை போட்டாச்சு, அது சொல்லுது. அதே பதினொன்னு பத்துக்குக் கீழ்த்தள பாத்ரூம்லயும் இருந்திருக்கே. புதன்கிழமையும் அப்படித்தான். நேத்தும் அப்படித்தான்." விடுதிக் கையேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "ஒன்பதாம் விதியைப் படி."

படித்தேன். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஒருவரின் நடை பதிவானால், அவர் தன் பதிவை வெளியாளுக்குக் கொடுத்ததாகக் கருதப்படும். சலுகை இடம் ரத்தாகும்.

எங்கள் விடுதியில் மூன்று வகை. கீழே இரண்டு மாடிகள் ஒற்றை அறை. அதற்கு மேல் இருவர் அறை. உச்சி மாடியில் ஆறு பேர் அறை. அதில் பாதி சலுகை இடம். வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், பெற்றோர் கூலி வேலை என்று சான்றிதழ் வேண்டும், மாதத்தில் இருபத்தைந்து இரவு தரையில் பதிவு இருக்க வேண்டும். எனக்கு எல்லாம் இருந்தது. அப்பா இல்லை. அம்மா திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தாள். எங்கள் ஊர் செங்கம் பக்கம் என்றாலும், மழை நின்றால் சூளைதான் வீடு. இந்தக் கட்டில் போனால் வெளியில் பெண்கள் மேன்ஷனில் தங்கிப் படிக்க எனக்கு வழியில்லை. கட்டில் போனால் படிப்பு போகும். படிப்பு போனால் தலையில் கல் சுமக்கும் பலகை.

"பத்து நாள் டைம் தரேன். யாருக்கு எப்படிக் கொடுத்தேன்னு எழுதிக் கொடு. கருவி கம்பெனி ஆளையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார் மேடம்.

"கொடுக்கலியே மேடம்."

"அப்ப ரெண்டு சுகந்தி இருக்காளா?"

அன்று முழுக்க எனக்கு மண்டை குழம்பியது. என் அறைத் தோழி மிருதுளா கட்டிலில் குப்புறப் படுத்தபடி கேட்டாள். "உனக்கு ட்வின் சிஸ்டர் யாராச்சும் உண்டா?"

"இருந்திருந்தா அவளும் கல்லு தூக்கிட்டு இருப்பா."

"தூக்கத்துல நடக்கற வியாதி?"

"பகல் பதினொரு மணிக்கா?"

"நீ சர்வே கிளாஸ்ல தூங்கறதில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒரு நோட்டில் நான் எங்கே போனேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று குறித்து வைக்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே ஒரு சந்தேகம் வந்தது. மாடி ஏறினது எட்டு ஐம்பதா, ஒன்பது ஐந்தா? மேடம் வைத்திருக்கும் தாளில் நிமிடம் சுத்தமாக இருக்கிறது. என் நோட்டில்தான் அடித்துத் திருத்தல். வெளியாள் யாராவது இரண்டையும் பார்த்தால் தாளைத்தான் நம்புவார்கள். நானே பாதி நம்பினேன்.

அம்மாவுக்குப் போன் போட்டு, பதினாலு தடவை பாத்ரூம் என்று தாளில் இருப்பதைச் சொன்னேன்.

"இன்னாடி, அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலியா?"

"அது இல்லம்மா. நான் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருந்தேன்னு சொல்றாங்க."

"ரெண்டு எடத்துலயா? இங்க ஒருத்தி, ஒரே நேரத்துல கல்லும் அறுத்துக் கஞ்சியும் காச்ச முடியாம சாவறேன். எப்புடின்னு கேட்டு எனக்கும் சொல்லு."

சலுகை இடம் போகும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஆறாவது நாள் வகுப்புக்குப் போகவில்லை. கீழ்த்தளத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பின்வாசல் தெரியும். பின்வாசலுக்கு வெளியே புது விடுதிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. முழுக்க ஒற்றை அறை. ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்டது.

பதினொரு மணிக்கு ஒரு சித்தாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெறுங்கால். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. தலையில் சும்மாட்டுத் துணியை அவிழ்க்காமலே வந்தாள். படியேறி இரண்டு எட்டு வைத்தாள். கதவு திறந்தது.

'வணக்கம், சுகந்தி.'

அவள் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயமும் இல்லை. அந்தப் பெயர் என்னுடையதுதானா என்ற ஐயம். கதவு அவ்வளவு மரியாதையாகச் சொன்னது.

அவள் வெளியே வந்தபோது வழியை மறித்தேன்.

"யாரும்மா நீங்க? எப்படி உள்ள வரீங்க?"

"நடந்துதான்."

"யார் உள்ள விட்டது?"

"சுகந்தி."

"சுகந்தி யாரு?"

"இந்தக் கட்டடத்து மேனேஜரு பொம்பளை போல இருக்குது. நான் பாத்ததில்ல. எங்காளுங்க ஆறு பேரு, யாரு வந்தாலும் தெறந்து விட்டுரு, எம்பேரச் சொல்லிக் கூப்புடுன்னு கதவுகிட்ட சொல்லி வெச்சிருக்குது. மவராசி." குரலைத் தாழ்த்தினாள். "பெரிய எடத்துலயும் ஒண்ணு ரெண்டு நல்லவங்க இருக்காங்க, என்ன?"

"நாந்தான் சுகந்தி."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? நான் பெரிய பொம்பளைன்னு இல்ல நெனச்சேன்."

அவள் பெயர் குள்ளம்மா. தருமபுரிப் பக்கம். ஒரு மாதமாக ஆறு பெண்கள் அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறார்கள். கிரேன் நுழைய முடியாத இடுக்கில் ஜல்லியும் கலவையும் சட்டியில் சுமக்கிற வேலை. ஆண்களுக்குச் சுவரோரம் இருக்கிறது. இவர்கள் முதல் வாரம் முள்ளுக்காட்டுக்குப் போனார்கள். இரண்டாம் வாரம் அதையும் ஜேசிபி வைத்துச் சமன் செய்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்கலாமென்று குள்ளம்மா இந்தப் படியேறினாள்; கதவு தானாகத் திறந்து வணக்கம் சொன்னது. மேஸ்திரி ஒரு நேரத்தில் ஒருத்தியைத்தான் விடுவான். ஒருத்தி வந்து போன பிறகு அடுத்தவள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

ஆறு பேர், இரண்டு தடவை, பன்னிரண்டு. அவர்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு.

"கழுவித்தான் விட்டுட்டுப் போறோம்" என்றாள் குள்ளம்மா. "சுகந்தி பேரு கெட்டுடக் கூடாதில்ல?"

நான் சொன்னது இதுதான். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

"இனிமே வராதீங்க. உங்களால எனக்கு இங்க எடம் போயிடும்."

அவள் முகம் மாறவில்லை. "சரி பாப்பா" என்றாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வேலை செய்கிற இடத்தில் யாராவது வராதே என்றால் எங்கள் ஆட்கள் காரணம் கேட்பதில்லை.

அவள் திரும்பி நடந்தபோதுதான் பார்த்தேன். தலையில் ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்து ஆடவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் ஓடியது. எங்கேயோ பார்த்த நடை.

மறுநாளிலிருந்து அவர்கள் வரவில்லை. மூன்றாம் நாள் சாய்வுப் பலகையில் ஏறும்போது பொன்னுருவி என்கிற பெண் ஜல்லிச் சட்டியோடு விழுந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். ஜன்னல் வழியாக மிருதுளாதான் பார்த்துச் சொன்னாள். நான் ஓடினேன். மணலில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது.

"காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல" என்றாள் குள்ளம்மா, யாரையும் பார்க்காமல். "குடிச்சா போவணுமே."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிப் பேசியிருப்பேன்.

"நாளைக்கு வாங்க" என்றேன்.

"உனக்கு எடம் போயிடும்னியே?"

"போனாப் போவுது. வாங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி ஒன்பதாம் விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். போனால் போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு வேறு இடம் கிடையாது.

கருவி கம்பெனியிலிருந்து வந்தவன் பெயர் நௌஷாத். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். விசாரணைக்கு முதல் நாள், கீழ்த்தள அறை ஒன்றில் தகட்டை விரித்துவிட்டு என்னை நடக்கச் சொன்னான். நடந்தேன். திரையைப் பார்த்தான். இன்னொரு தடவை நடக்கச் சொன்னான்.

"தலையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லியே."

"இருக்கு. பாருங்க, குதிகால் தரையில படறதே இல்ல. முன்பாதத்துல இறங்கி உடனே எடுத்துடறீங்க. எட்டு சின்னது. இடுப்பு பக்கவாட்டுல அசையுது, அதுக்கு மேல எல்லாம் கம்பம் மாதிரி நிக்குது. தலைமேல முப்பது கிலோ இருந்தா ஒரு மனுஷன் எப்படி நடப்பானோ அப்படி."

"ஒன்பது வயசுலேர்ந்து சூளையில சுடாத பச்சைக்கல் தூக்கியிருக்கேன் சார். பலகையில பத்துக் கல்லு."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். "ஓ" என்றான்.

"ஒருத்தர் நடை இன்னொருத்தருக்கு வராதுன்னுதானே சார் சொன்னாங்க?"

"வராது. ஆனா இயந்திரம் தானா எதையும் தெரிஞ்சுக்கறதில்ல, நாமதான் கத்துக்கொடுக்கணும். எங்க ஆபீஸ்ல இருந்தவங்க, ஐ.டி. பார்க்குல இருந்தவங்க, மூணு காலேஜ் பசங்க. ரெண்டு லட்சம் பேரை நடக்கவெச்சுக் கத்துக்கொடுத்தோம். அவங்களுக்குள்ள ரெட்டைப் பிள்ளைங்களைக்கூட அது பிரிச்சுச் சொல்லும். ஆனா அந்த ரெண்டு லட்சம் பேர்ல ஒருத்தரும் தலையில சுமந்தவங்க இல்ல."

"அதனால?"

"அதனால உங்க நடை மாதிரி எது வந்தாலும் எல்லாத்தையும் ஒரே பொட்டியில போட்டுடுது. அந்தப் பொட்டியில முதல்ல விழுந்தது நீங்க. பொட்டிக்கு உங்க பேர் வந்துடுச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "யாரோ வராங்க, இல்ல?"

ஜன்னலுக்கு வெளியே ஆறு பேரும் சாய்வுப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரே சீர். அவன் அவர்களைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் பார்த்ததை எழுதினா அத்துமீறல்னு வரும். காண்ட்ராக்டர் அவங்களை அனுப்பிட்டு வேற ஆள் போட்டுடுவான். வர்ற ஆளும் இதே மாதிரிதான் நடப்பாங்க" என்றான். "எழுதலேன்னா உங்க இடம் போகும்."

"வேற வழி இல்லியா சார்?"

"நீங்க பொட்டியை விட்டு வெளிய வரணும். எங்களை மாதிரி நடக்கக் கத்துக்கணும்."

விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை.

"உன் நடையை யாருக்காவது கொடுத்தியா?" என்றார் எஸ்தர் மேடம்.

"நடையை எப்படி மேடம் கொடுக்க முடியும்?"

"கொடுக்க முடியாது மேடம்" என்றான் நௌஷாத். "அதான் சிக்கலே. கருவி இவங்க நடையைச் சரியாப் படிக்கல. யாரை வேணா இவங்கன்னு சொல்லும். இவங்க தப்பு இல்ல."

"அப்ப யாரோ என் விடுதிக்குள்ள வந்துட்டுப் போறாங்க. யாரு? சுகந்தி, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

பொய். நிமிர்ந்து பார்த்தபடி சொன்னேன்.

மேடம் கெட்டவர் இல்லை. முந்நூற்று நாற்பது பெண்களின் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆறு வாரம். இயன்முறை சிகிச்சை மையத்துல பயிற்சி எடு. புது நடையைப் பதிவு பண்ணிட்டா ஃபைலை மூடிடறேன்" என்றார்.

எழுந்துகொண்டே கேட்டேன். "மேடம், புதுக் கட்டடத்துல வேலை செய்யற பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ்…"

"அது காண்ட்ராக்டர் விஷயம்மா. விடுதிக்கு வராது."

பயிற்சியாளர் சுவரில் ஒரு கண்ணாடி முன்னால் என்னை நடக்க வைத்தார். குதிகாலை முதலில் வை. கையை வீசு. கழுத்தை விடு, விடு, இன்னும் விடு. கழுத்தை எப்படி விடுவது? அது விட்டால் கல் விழும், கல் விழுந்தால் கூலியில் பிடிப்பான். பத்து வருடமாக உடம்பு அதைத்தான் படித்திருந்தது. மூன்றாம் வாரம் கையை வீசினேன். ஐந்தாம் வாரம் குதிகால் தரையில் பட்டது. தொட்டிப் பக்கம் நான் நடந்து பழகுவதைப் பார்த்துக் குள்ளம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னாடி இது, தண்ணி போட்டவன் வூட்டுக்குப் போற மாதிரி!"

"இப்படி நடந்தாத்தான் என்னை நான்னு ஒத்துக்குவாங்களாம் அக்கா."

"அப்ப இத்தனை நாள் யாரா இருந்தே?"

"நீயா இருந்தேன்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே முழுதாகப் புரியவில்லை.

ஆறாவது வாரம் நௌஷாத் வந்தான். தகட்டில் நடந்தேன். திரையைப் பார்த்து, "பிரமாதம்" என்றான். "இனிமே கருவி உங்களை மாத்திச் சொல்லாது. பழையதை அழிச்சுடவா?"

"அழிச்சா?"

"அந்த நடையில யார் வந்தாலும் கதவு திறக்காது."

கையேட்டை நான் அந்த ஆறு வாரத்தில் மனப்பாடமாகப் படித்திருந்தேன். பயம் வந்தால் விதியைப் படிப்பேன். தூக்கம் வராதவர்கள் ஆடு எண்ணுவது மாதிரி. பதினேழாம் விதி: மாணவி தன் தாயையோ பெண் பாதுகாவலரையோ நிரந்தரப் பகல் விருந்தினராகப் பதிந்துகொள்ளலாம். கீழ்த்தளம் மட்டும். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. எத்தனை முறை வந்தாலும் கேள்வி இல்லை. நேரம் தவறி வந்தால் எச்சரிக்கை. ஒரே மாதத்தில் மூன்று எச்சரிக்கை வந்தால் விருந்தினர் பதிவு நீக்கப்படும்.

"அழிக்க வேணாம் சார். விருந்தினர்னு மாத்துங்க."

"யார் பேர்ல?"

"எங்கம்மா. அஞ்சலை."

"உங்கம்மா இங்க வந்து நடக்கணுமே."

"நடந்தா இதே நடைதான் சார். அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

அவன் விரல் கொஞ்ச நேரம் விசைமேல் நின்றது. பிறகு அழுத்தினான்.

எஸ்தர் மேடத்தின் கையெழுத்து வேண்டியிருந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"உங்கம்மா திருவள்ளூர்லல்ல இருக்காங்க?"

"வருவாங்க மேடம்."

ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். படிவத்தை மறுபடி பார்த்தார். கையெழுத்துப் போட்டார். தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று பதினொரு மணிக்குப் பொன்னுருவி படியேறினாள். 'வணக்கம், அஞ்சலை' என்றது கதவு. அவள் திரும்பி, "அக்கா, மேனேஜர மாத்திட்டாங்க போலருக்குது!" என்று கத்தினாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "யார் யாரோ எம்பேர்ல போறாளுங்களா?" என்றாள். "போவட்டும். நல்லா போவட்டும்."

பொங்கல் விடுமுறை பன்னிரண்டு நாள். விடுதி மூடிவிடுவார்கள், சூளைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்த அம்மா, "கால்ல முள்ளு குத்திச்சா?" என்று ஓடிவந்தாள். இல்லை, காலேஜில் இப்படித்தான் நடக்கணும் என்றேன். "இதுக்கா படிக்க அனுப்புனேன்?" என்றாள்.

சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது. முதல் நாள் பத்துக் கல் ஏற்றினேன், நாலாவது எட்டில் பலகை சரிந்தது. பத்தும் போயிற்று. மேஸ்திரி, "படிச்ச கழுத்து" என்று சிரித்தான். இரண்டாம் நாள் மூன்று கல் போயிற்று. நாலாம் நாள் கழுத்து தானாகப் பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு கல்கூட விழவில்லை. அம்மாவுக்கு சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்லூரிக்குத் திரும்பிய அன்று பஸ் தாமதம். விடுதிப் படியேறும்போது ஆறரை. வாசலில் வேறு யாரும் இல்லை. பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கதவு திறக்கவில்லை. திரை சிவப்பாக எரிந்தது.

'அஞ்சலை, விருந்தினர் நேரம் முடிந்தது. முதல் எச்சரிக்கை.'

திரையில் அம்மா பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புரிந்தது. படி இறங்கினேன். குதிகால். கை. கழுத்தை விடு. மனசுக்குள் சொல்லிச் சொல்லி மறுபடி ஏறினேன். குதிகால் பட்டது, கழுத்து விடவில்லை.

'அஞ்சலை, விருந்தினர் நேரம் முடிந்தது. இரண்டாம் எச்சரிக்கை.'

மூன்றாவது தடவை ஏறப் போன காலைக் கீழே வைத்துவிட்டேன். இதிலும் தவறினால் நாளை பதினொரு மணிக்கு யாருக்கும் கதவு திறக்காது. எஸ்தர் மேடத்துக்குப் போன் போடலாம். போட்டால், நீ ஏன் உன் அம்மா மாதிரி நடக்கிறாய் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மிருதுளா வந்து கதவைத் திறந்தாலும் உள்ளே இருப்பதும் அதே தரைதான்.

மாதத்துக்கு இருபத்தைந்து இரவு போதும். விடுமுறை நாட்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஓர் இரவு போனால் தாங்கும்.

பையை எடுத்துக்கொண்டு விடுதியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். புதுக் கட்டடத்துக்கு ஓரமாகத் தகரக் கொட்டகை. குள்ளம்மா அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பொன்னுருவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னாடி இந்தப் பக்கம்? எப்ப வந்தே?"

"இப்பதான். உள்ள விடல அக்கா."

"யாரு விடல?"

"கதவு."

"எங்களை விடுதே!"

"ஆறு மணிக்குள்ள வந்திருக்கணும்."

குள்ளம்மா கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பாயின் ஒரு பக்கத்தைக் கையால் தட்டித் தூசி விட்டாள்.

"சரி, உக்காரு. சோறு இருக்குது. காலையில ஏழு மணிக்கு எங்கூட வா, நான் உன்ன உள்ள கூட்டிட்டுப் போறேன்."